நான் போடாத இலை

சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் சொல்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் கரண்டியைக் காட்டித் துரத்துகிறவள் நான். தினம் இருநூறு பேருக்குச் சோறு வடித்தவளுக்குப் பயப்பட ஏது நேரம்?

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி எங்கள் மெஸ். வெறும் வயற்காடாக இருந்த இடத்தில் இரும்பு உருக்குகிற கம்பெனி வந்தது, அதன் பின்னாலேயே சலூன், லாட்ஜ், செல்போன் கடை, ஒரு சின்ன சர்ச் என்று மூன்றே வருஷத்தில் ஊராகிவிட்டது, பேர் வைக்கக்கூட நேரமில்லாமல் எல்லோரும் 'கேட்' என்றே சொன்னார்கள். மெஸ் சுவரில் ஆளுக்கொரு ஆணி, ஆணியில் நம்பர் எழுதிய தகர வில்லை. மத்தியானம் சோறு வேண்டுமென்றால், காலையில் வேலைக்குப் போகும்போதே வில்லையை நம்பர் தெரியத் திருப்பிவிட்டுப் போக வேண்டும். அதை எண்ணித்தான் நான் உலை வைப்பேன்.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற சமயம், ஒரு நாள் காலையில் கம்பெனியில் பூட்டு தொங்கியது. பத்து நாளில் திறப்பார்கள் என்றார்கள், எங்கே திறந்தார்கள்? லாட்ஜ் மூடியது, சலூன் மூடியது. சுவரில் திரும்புகிற வில்லை நாற்பது, பதினைந்து, நாலு என்று குறைந்து, கடைசியில் ஃபர்னஸில் வேலை பார்த்த ஏழுமலை மட்டும் மிச்சம். அவனும் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"அக்கா, என் வில்லைய கயட்டிடாத. தொறந்தா மொத ஆளா வந்து நிப்பேன்."

என் வீட்டுக்காரர் சோழவரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பிடுங்கி எடுத்தார். "இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற கஸ்தூரி? ஊரே காலி." எனக்கு மனசு வரவில்லை. அந்த அடுப்பை விட்டால் இன்னொருத்தி அடுப்படியில்தான் நிற்க வேண்டும்.

நம்பினால் நம்புங்கள். அதற்கப்புறம் ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கினால், அத்தனை வில்லையும் நம்பர் தெரியத் திரும்பியிருக்கிறது! பூட்டு போட்டது போட்டபடி, சாவி என் இடுப்பில். பயந்திருக்க வேண்டும் இல்லையா? பைத்தியக்காரி, எனக்குச் சந்தோஷம் வந்தது. கம்பெனி திறக்கப் போகிறது என்றே மனசு சொன்னது. இருந்த கடைசி மூட்டை அரிசியையும் வடித்தேன். வரிசையாக இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, ஷட்டரைப் பூட்டிக்கொண்டு உச்சி வெயிலில் கம்பெனி வாசலுக்கு ஓடினேன். வீட்டுக்காரரும் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்.

அதே பூட்டு, துருப்பிடித்து. உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினோம். அண்டாவில் சோறு வடித்தபடி இருக்கிறது, ஒரு பருக்கை குறையவில்லை. இலைகள் மட்டும் மடித்துக் கிடந்தன. சாப்பிட்டவர்கள் தம் பக்கமாக மடிப்பார்களே, அப்படி இல்லை. எல்லாம் எதிர்ப்பக்கமாக.

"ஐயோ, இது சாவு ஊட்ல மடிக்கிறது" என்றார் அவர்.

அடுப்பில் மிச்சமிருந்த தணலுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். அன்று சாயங்காலமே சோழவரம் போய்விட்டோம்.

ஒன்று மட்டும் அவரிடம்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்போரம் உட்கார்ந்துதான் நான் சாப்பிடுவது வழக்கம். அங்கே நான் இலை போடவில்லை, சத்தியமாகப் போடவில்லை. ஆனால் ஒரு இலை இருந்தது, அதுவும் எதிர்ப்பக்கம் மடித்து. பிரித்துப் பார்த்தேன். மற்ற இலையெல்லாம் சுத்தமாக இருக்க, அதில் மட்டும் நாலு பருக்கை ஒட்டியிருந்தது.

அன்றிலிருந்து எனக்குப் பசி எடுத்ததே இல்லை. நாத்தனார் தட்டு வைத்தால் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.