பொட்டுக்கு அடியில் இருந்த நம்பர்

என் அக்காள் வீட்டுக்காரர் கொடைக்கானல் மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்டினார். ஒருநாள் ஆட்களை மேலே இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியவர் வீடு வந்து சேரவில்லை, காரும் வரவில்லை. காரை விற்றுவிட்டுச் சிலோனுக்கு ஓடிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்தார். திண்டுக்கல்லில் எங்கள் தெருவே அதை நம்பியது. அக்காளைக் கள்ளன் பெண்டாட்டி என்றார்கள். வெட்கக்கேடு, நானும் பாதி நம்பினேன். அவள் மட்டும் நம்பவில்லை.

நான் அப்போது வத்தலக்குண்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். கரண்டு எட்டாத தோட்டங்களில் பழைய கார் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பார்கள். சேவுகம்பட்டியில் தோட்டம் வைத்திருந்த சம்சாரி ஒருவரின் எஞ்சினை மூன்று வருடமாக நான்தான் பழுது பார்த்தேன். அதே மாதிரி எஞ்சின் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ ஓடியது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதன் விலாவில் சந்தனமும் குங்குமமும் அப்பி, மேலே புகையும் படிந்து, விரற்கடை கனத்துக்கு இறுகியிருந்தது. சுரண்டப் போனால் பதறுவார்.

“பொட்டுல கை வைக்காதீங்கண்ணே. சாமி குத்தமாயிரும்.”

எனக்கென்ன, ஓடினால் சரி என்று விட்டுவிட்டேன்.

நான்காம் வருடம் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு உடைந்தது. எஞ்சின் நம்பர் இல்லாமல் மதுரைக் கடையில் சாமான் தரமாட்டார்கள். முன்னால் இருக்கும் எழுத்து எந்த மாடல் என்று சொல்லும். பின்னால் வரும் எண்கள் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே உரியவை. நம்பர் அந்தப் பொட்டுக்கு அடியில்தான் இருந்தது, வேறு வழியில்லாமல் அவர் தலையாட்டினார். உளியால் பொட்டைப் பெயர்த்து, சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தேன். எண்களின் பள்ளத்தில் வெள்ளை நின்றது. கடைசி எண் வரை படித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தேன். அது எனக்கு மனப்பாடமான நம்பர். முதலாளி கொடுத்த புகார் மனுவின் நகலில் எத்தனை முறை படித்திருப்பேன்!

எஞ்சினை விற்ற பழைய இரும்பு வியாபாரி போலீசில் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். மலைப்பள்ளத்தில் கார் நொறுங்கிக் கிடந்ததாம். எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டானாம்.

“ஆளு ஸ்டியரிங்குல நசுங்கிக் கெடந்தாருய்யா. பயந்துக்கிட்டு வெளியில சொல்லல” என்றான்.

மிச்சமிருந்த எலும்பை ஒரு சாக்கில் கொண்டுவந்தோம்.

அக்காள் அழவில்லை.

“அவரு ஓடிப்போகலைல்ல?”

“இல்லக்கா.”

என் கைகளைப் பார்த்தாள்.

“மூணு வருசமா அந்த எஞ்சினத் தொட்டு வேலை பாத்திருக்கியே தம்பி” என்றாள்.