கூலிங் மாப்பிள்ளையும் ஐஸ் ஊசியும்

என் தங்கையின் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தெருவில் அவரை ‘கூலிங்’ என்றால்தான் தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே கடைதான். ஃப்ரிட்ஜ் அவருக்கு, வாஷிங் மெஷின் எனக்கு. வேலையில் கெட்டிக்காரர், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். நாலாவது காலைத் தொட்டுக் காட்டினால், அது வால் என்பார்.

ஊரில் பாதி வீட்டு ஃப்ரிட்ஜை ஓட வைக்கிற மனுஷன் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. எல்லாம் அவர் மகள் பாப்பாவுக்காக. மூன்று வயது. அவளுக்கு ஆஸ்துமா, மாஸ்க் வைத்து இன்ஹேலர் பம்ப் அடித்தால் இழுப்பு அடங்கும். போன மழைக்கு அந்த இழுப்போடு நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே ஒட்டிக்கொண்டு போனதைக் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அன்றிலிருந்து குளிர்ச்சி என்றாலே அவருக்கு எமன். சூடு கண்ட பூனை. அதனால் அவரை வாயாரத் திட்டவும் எனக்கு மனசு வருவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். கைக்குழந்தையில் விட்டுப்போன நியூமோகாக்கல் தடுப்பூசியை, உடம்பு தேறியதும் மறக்காமல் போட்டுவிட வேண்டும். பெயர் வாயில் நுழையாததால் எங்கள் வீட்டில் அது நிமோனியா ஊசி. பாப்பா தேறினாள், மாப்பிள்ளை அசையவில்லை.

“ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்ச மருந்து மச்சான் அது. ஒரு வாய் ஐஸ் தண்ணியே அவளுக்கு ஆகாது. ஐஸ் ஊசிய நேரா உடம்புக்குள்ள ஏத்தச் சொல்றீங்களா?”

இப்படி ஒரு சந்தேகம் வேறு எந்த அப்பனுக்கும் வந்திருக்காது. நாள் முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுப் பிழைப்பவருக்குத்தான் வரும். தங்கை அவரோடு சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, அடுத்த மழை வரப்போகுது. இன்னும் ஊசி போடல. நீயாச்சும் சொல்லேன்.”

சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ் படுத்துக்கொண்டது. நகர்த்த ஆள் வேண்டுமென்று மாப்பிள்ளை என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் பின்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, நர்சம்மா மருந்தையெல்லாம் ஒரு பெட்டிக்கு மாற்ற ஆயத்தமானார். பக்கத்து ஃப்ரீசரிலிருந்து கட்டி கட்டியாக உறைந்த ஐஸ் பேக்குகளை எடுத்து மேஜையில் பரப்பினார். பரப்பியவர் சும்மா உட்கார்ந்துவிட்டார். பேக்குகள் வியர்க்க ஆரம்பித்தன.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. “சிஸ்டர், ஐஸ் வீணா உருகுது பாருங்க. எடுத்து உள்ள வைங்க.”

“உருகட்டும்,” என்றார் நர்சம்மா. ஒரு பேக்கை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் சளக்கென்றது. அதன்பிறகுதான் அதைப் பெட்டிக்குள் இறக்கினார். “கட்டியா இருக்கறப்பவே வெச்சா மருந்து உறைஞ்சுடும். உறைஞ்சா அதோட கதை முடிஞ்சுது. தூக்கித்தான் போடணும்.”

“எந்த மருந்து?”

“உங்க பொண்ணுக்கு வேணாம்னு நிக்கிறீங்களே, அந்த நிமோனியா ஊசியும் அதுல ஒண்ணு.”

மாப்பிள்ளை ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அப்ப இதுக்கும் ஐஸ் ஆகாதா?”

“ஆகவே ஆகாது. கெட்டுப் போகாம இருக்கத்தான் இந்தக் குளிர்ச்சி. புள்ளைக்குப் போறது அரை மில்லி. உடம்புச் சூட்டுக்கு முன்னால அது எம்மாத்திரம்? இழுப்பு வர்ற புள்ளைக்குத்தாங்க இது ரொம்ப முக்கியம். அந்தக் கிருமி வந்தா மத்தப் புள்ளைங்களவிட அதுங்களத்தான் அதிகமா படுத்தும்.” கொஞ்சம் நிறுத்தி, “இழுப்ப இது நிறுத்தாது, எல்லா நிமோனியாவையும் தடுக்கவும் தடுக்காது. பம்ப விட்டுடாதீங்க,” என்றும் சொன்னார்.

மாப்பிள்ளை ஸ்பேனரை மறுபடி எடுத்தார். ஃப்ரிட்ஜைச் சரிசெய்து முடித்தார். உறையும் அளவுக்கு இறங்குகிறதா என்று தெர்மாமீட்டர் முள்ளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஐஸுக்குப் பயந்தது தன் மகளும் இந்த மருந்தும்தான் என்று இரண்டையும் ஒரே கட்சியில் சேர்த்துவிட்டார் போல. நர்சம்மா சொன்ன காரணத்தில் எவ்வளவு ஏறியதோ தெரியாது. கணக்கு எந்த வழியில் போனால் என்ன, விடை சரியாக வந்ததே. சாமானைப் பைக்குள் போட்டபடி தரையைப் பார்த்துக் கேட்டார்:

“சிஸ்டர், நாளைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வரட்டுமா?”

மறுநாள் பாப்பா ஊரைக் கூட்டி அழுதாள். ஊசி போட்ட பிறகு அங்கேயே உட்காரவைத்தபோது, இவர் நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னங்க கூலிங், ஜில்லுன்னு இருக்கா?” என்றார் நர்சம்மா. தங்கை வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மழை வந்தது. பாப்பாவுக்குச் சளி பிடித்தது, காய்ச்சல் அடித்தது, இழுப்பும் வந்தது. மாப்பிள்ளையின் முகம் செத்துவிட்டது. போன தடவை போலவே துணி, போர்வை, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

டாக்டர் முன்னும் பின்னுமாக ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார்.

“நிமோனியா மாதிரி தெரியல. சளியும் இழுப்பும்தான். பம்ப் சொன்ன மாதிரி அடிங்க, ரெண்டு நாள் கழிச்சுக் காட்டுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்.”

“அந்த ஊசியாலயா டாக்டர்?”

“அத நான் அடிச்சுச் சொல்ல முடியாது. போட்டது நல்லதுன்னு மட்டும் சொல்வேன்.”

வாசலுக்கு வந்தோம். மழை விட்டிருந்தது. தோளில் கிடந்த பாப்பா தலையைத் தூக்கி, இன்னொரு கையிலிருந்த பெரிய பையைப் பார்த்தாள்.

“அப்பா, நாம ஊருக்குப் போகலையா?”

நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அந்த மனுஷன் அழுதார். பையை நான் வாங்கிக்கொண்டேன்.

“இல்லடா கண்ணு,” என்றார். “நாம வீட்டுக்குப் போறோம்.”