இன்னாசி பேரைச் சொல்லித் திறந்த படல்

எங்கள் பிளாக்கில் மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கயாக் கிடக்கும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற படகு. நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருபது வருடமாக ஷிப்ட் பார்க்கும் இன்னாசிராஜ் அண்ணனுடையது. "மழையில குவார்ட்டர்ஸ் முழுகினா எங்களையும் ஏத்திக்குங்கண்ணே" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். மனுஷன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சுரங்கத்தில் இறைக்கிற தண்ணீர் சேர்வதால் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஆறு கோடையிலும் ஓடும். ஒரு தடுப்பணைக்குக் கீழே பாறைகளில் மோதி, நுரைத்துக்கொண்டு இறங்கும். அந்த அரை கிலோமீட்டர்தான் அண்ணனுக்கு உயிர். ஆனால் படகை இறக்க வழி வேண்டுமே. இரண்டு கரையும் செங்குத்து, போதாததற்குக் கருவேல முள். சரிவாக இருப்பது, வழியில் முள் படல் கட்டி அடைத்த கலியம்மாளின் முந்திரித் தோப்பு ஒன்றுதான்.

அந்தம்மா லேசில் மசியவில்லை. அண்ணன் நாலு தடவை நடந்த பிறகு ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். பங்குனி, சித்திரையில் வரக்கூடாது. அப்போது மரத்தடியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள், விழுகிற கொட்டையைப் பொறுக்க. ஆள் நடந்தால் கொட்டை மண்ணில் புதைந்துவிடும். ஆறு வருடமாக அந்த இரண்டு மாதம் அண்ணன் அந்தத் திசைக்கே போனதில்லை.

கூட வேலை பார்க்கும் விஜயராஜுக்கு அந்த இடத்தைக் காட்டியதும் அவர்தான். போன கார்த்திகையில் தான் காய்ச்சலில் படுத்துவிட்டதால், "எம் பேர சொல்லு, வுடுவாங்க" என்று அனுப்பி வைத்ததும் அவர்தான்.

இந்தச் சித்திரையில் விஜயராஜ் சென்னையிலிருந்து பதினான்கு பேரை வேனில் அழைத்துப் போயிருக்கிறார். தான் கண்டுபிடித்த இடம் என்று வீடியோ வேறு. அண்ணன் அன்று முதல் ஷிப்டில் இருந்தார். நாலு நாள் கழித்து, குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் கலியம்மாள் நிறுத்திக் கேட்டபோதுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

"நீ அனுப்புனன்னு சொன்னாரு தம்பி. ஒன் வார்த்தையாச்சேன்னு படல அவுத்து வுட்டேன். கூட்டி வச்ச தரையில படகுங்கள இழுத்துக்கினு போனாங்க. இன்னிய வரைக்கும் மண்ணக் கெளறிக்கினு கெடக்கறோம்."

"இந்த வாட்டி நான் அனுப்பலக்கா."

"முன்ன ஒருக்கா அனுப்புனது நீதான?"

கலியம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"இனிமே யாரும் வர வாணாம்பா. நீயுந்தான்."

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று எங்களிடம் சொன்னார். ஆறு வருடம் காத்த வாக்கை இன்னொருத்தன் ஒரு பகலில் செலவழித்துவிட்டான்.

அந்த விஜயராஜ் போன வாரம் சாவகாசமாக வந்தார். ஒரு மன்னிப்பு இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஐப்பசியில தண்ணி நல்லா ஏறும் இன்னாசி. நீ ஒரு வார்த்த கேட்டுப் பாரேன். நீ சொன்னா அந்தம்மா நம்பும்."



"நம்பிக்கினுதான் இருந்தாங்க விஜி," என்றார் அண்ணன்.