இருபது சொம்பு தண்ணீர்

அறுபதுகளின் கடைசியில் என் தங்கையின் கல்யாணம் முடிந்த கையோடு, தாமலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அறுபது பேர் கறி விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கல்யாணச் சாம்பாரே தண்ணீர் என்று அவள் மாமியார் பந்தியிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கறியும் கெட்டுப்போனால் தங்கை அந்த வீட்டில் காலத்துக்கும் பேச்சு வாங்குவாள். அது தெரிந்தும், சமையல்காரர் வேண்டாம், நானே வைக்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உமி அடுப்பில் மூன்று மணி நேரம் மெல்ல வேகவிட்டு நான் வைக்கும் கறிக்குழம்புக்குத் தெருவில் பேர் உண்டு. ஆறு பேருக்கு ஒரு கிலோ கறி, இரண்டு சொம்பு தண்ணீர். நான் தறிக்காரன். ஒரு சேலைக்கு இவ்வளவு பட்டு என்றால் பத்துச் சேலைக்குப் பத்து மடங்கு, அதில் இழை பிசகாது. கறிக்கும் அதே கணக்கைப் போட்டேன். பத்துக் கிலோ, இருபது சொம்பு.

அண்டா கொண்டுவந்த வாடகைப் பாத்திரக்காரர் எட்டிப் பார்த்தார். “பெரிய ஏனத்துல தண்ணி அவ்ளோ சுண்டாதுபா. பாதி ஊத்து, போதும்.”

“உன் வேலையப் பாருய்யா” என்றேன்.

ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினேன். ஒன்பது மணிக்கும் குழம்பு குளம் மாதிரி கிடந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்தேன், மூடினேன். வாசலுக்கு ஓடி பஸ் வந்துவிட்டதா என்று பார்த்தேன். விறகைத் தள்ளினேன், அடிப்பிடிக்குமோ என்று பயந்து உடனே இழுத்தேன்.

“எத்தினி வாட்டிண்ணா தொறப்ப? கொஞ்ச நேரம் குந்து” என்றாள் தங்கை. உட்கார முடிந்தால்தானே! பதினொரு மணிக்குக் கறி நாராகப் பிரிந்துவிட்டது, குழம்பு மட்டும் இறுகவில்லை. தேங்காயை அரைத்து ஊற்றினேன், பொட்டுக்கடலை மாவைக் கரைத்து விட்டேன். அதற்குள் அவர்கள் வந்தே விட்டார்கள்.

மாமியாரின் இலையில் நான் ஊற்றிய குழம்பு சோற்றைத் தாண்டி ஓடியது.

“இன்னா இது, கொழம்பா, வெந்நீரா? யாரு வெச்சது?”

வாளியோடு எதிரில் நின்றவன் நான். பந்தியே நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

“அண்ணன் நல்லாத்தான் வெச்சிச்சு அத்தே” என்று பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. “அது அந்தாண்ட போன நேரத்துல நான்தான் தெரியாம தண்ணி ஊத்திட்டேன்.”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.

அந்த அம்மாள் உயிரோடு இருந்த பதினோரு வருஷமும் என் தங்கையைக் கறிச் சட்டியைத் தொட விடவில்லை. எனக்குக் கறி வைக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.