ஏழாம் அட்டவணை

பேராசிரியர் தாள்களில் துளை போட்டு, டேக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சி சொல்ல வேண்டும். நாற்பது பக்கம். ஒவ்வொன்றையும் மேசையில் தட்டிச் சமப்படுத்தி, கயிற்றின் தகர முனையைத் துளையில் விட்டு இழுத்து, மறுபடி தட்டினார். வயது அறுபத்து மூன்று. பேசப்போவது கால் நூற்றாண்டாக அவர் பேசிவந்த விஷயம்.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவருக்காக இல்லை. அவர் கணவருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய், பேச்சு மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது. பயிற்சி பெற்ற பராமரிப்பாளராக அங்கே பதினான்கு மாதம் இருந்தேன். கூடத்தில் ஒரு பக்கம் சாரின் கட்டில், மறுபக்கம் மேடத்தின் மேசை. நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. அதனால் அவர் வேலை எனக்கும், என் வேலை அவருக்கும் பழகிவிட்டது.

அவர் ஆராய்ச்சி பொருளாதாரத் தடைகளைப் பற்றியது. ஒரு நாடு இன்னொரு நாட்டைப் பார்த்து, உனக்கு விற்க மாட்டேன், உன்னிடம் வாங்க மாட்டேன், உன் பணத்தை என் வங்கி வழியாக விட மாட்டேன் என்று சொல்வது. எதற்காகச் சொன்னார்கள், எத்தனை நாள் சொன்னார்கள், நினைத்த காரியம் நடந்ததா, இடையில் யார் வயிறு காய்ந்தது என்பதையெல்லாம் கணக்கெடுப்பது அவர் தொழில்.

ஆரம்பத்தில் பல்கலைக்கழகத்தில் அவர் தட்டச்சர். கைக்குழந்தையோடு மாலை வகுப்பில் படித்து முப்பத்தேழாவது வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர், "வெளியுறவுக் கொள்கைன்னா போர், ஒப்பந்தம். நீங்க மளிகைச் சீட்டுல்ல கொண்டுவந்திருக்கீங்க" என்றாராம். "உங்க வீட்டுல மளிகைச் சீட்டு எழுதுறது யாரு சார்?" என்று இவர் கேட்டாராம். பட்டம் எட்டு மாதம் தள்ளிப்போனது. அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் மேடம் சிரிப்பார்.

பிறகு பதினோரு வருடம் பழைய அரசிதழ்களையும் துறைமுகப் பதிவேடுகளையும் தேடி அலைந்து, நூற்று நாற்பத்து மூன்று தடைகளைத் தொகுத்தார். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் புத்தகத்தின் ஏழாம் அட்டவணை. அவற்றில் ஒரு தடையின்போது கொடுத்த இறக்குமதி அனுமதிகளை எண்ணி, மருந்தை மட்டும் விற்கலாம் என்று விலக்குக் கொடுத்தால் மருந்து வரத்து குறைவதில்லை என்று அது காட்டியது. பல அரசாங்கங்கள் அதை எடுத்துக் காட்டின. இப்போது எங்கள் அரசாங்கமும் வேறொரு நாட்டின்மேல் தடை கொண்டுவரப் போகிறது. அந்தச் சட்ட வரைவில் மருந்து விலக்கு இருக்கிறது. பக்கத்தில் ஆதாரமாக ஏழாம் அட்டவணை. மேடம் வீட்டிலிருந்தபடியே கணினித் திரை வழியாக அதற்குச் சாட்சி சொல்ல ஏற்பாடு.

அன்று பகல் மூன்று மணிக்கு சாருக்குப் பேச்சுப் பயிற்சி. எதையாவது சத்தமாகப் படிக்க வேண்டும். செய்தித்தாளைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எண்கள் என்றால் படிப்பார், முப்பது வருடம் சரக்குக் கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஏழாம் அட்டவணைக்காக மேடம் எழுதி ஒதுக்கி வைத்திருந்த ஆறு பழைய கையெழுத்துக் குறிப்பேடுகளில் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தைக் காட்டினேன்.

"நாலு... நாலு... ஏழு... ஒண்ணு. ஏ," என்றார் சார். அடுத்த வரி. "நாலு நாலு ஏழு ஒண்ணு. பி." மூன்று வரி தாண்டி மறுபடி, "நாலு நாலு ஏழு ஒண்ணு. சி." அங்கே நிறுத்திவிட்டார்.

"படிங்க சார், இன்னும் பத்து வரி இருக்கு," என்றேன்.

"ஒரே... பெட்டி," என்றார்.

மேடம் திரும்பவில்லை. "அது பெட்டி இல்லைங்க, மருந்து இறக்குமதி அனுமதி எண். பின்னால இருக்கிறது குமாஸ்தாவோட இனிஷியல்."

சார் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். கோபம் வந்தால் அப்படித்தான். "இனிஷியல்... இல்ல. புதுப்பிப்பு. தொண்ணூறு நாள்ல... காலாவதி. சரக்கு வரல. மறுபடி... அனுமதி. அதே நம்பர். வால்... மாறும்."

மேடத்தின் கையிலிருந்த தாள்கள் அப்படியே நின்றன.

எனக்கே புரிந்துவிட்டது. ஒரு மருந்துப் பெட்டிக்கு அனுமதி வாங்குகிறார்கள், பெட்டி வரவில்லை. தொண்ணூறு நாள் கழித்து அதே பெட்டிக்கு மறுபடி அனுமதி. இப்படி நான்கு முறை வாங்கினால் அவர் அட்டவணையில் அது நான்கு பெட்டி. கணினியில் எண்ணுக்கான கட்டத்தில் எழுத்து ஏறாது என்பதால், கடைசி எழுத்தை விட்டுவிட்டுத்தான் ஏற்றியிருக்கிறார். தேதிகள் வேறு வேறாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெட்டி வராமல் போகப் போக, மருந்து வந்து குவிவது போலத் தெரிந்திருக்கிறது.

"இருபத்திரண்டு வருஷமா இந்த நோட்டு இந்த வீட்டுலதான் இருக்கு," என்றார் மேடம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ... கேக்கல," என்றார் சார்.

குறிப்பேட்டை என் கையிலிருந்து வாங்கி, மற்ற ஐந்தையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்த மேடம், ஐந்தே கால் வரை எழுந்திருக்கவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டு அனுமதிகளில் நூற்று முப்பத்தொன்று புதுப்பிப்பு. மீதி எண்பத்தொன்றுதான் தனித்தனிப் பெட்டிகள். மேடம் கேட்காமலே அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றெழுபதுக்கு நூறு. மாத்திரையை அவர் நாக்கில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஆறு மணிக்கு அவருடைய பழைய மாணவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வெளியுறவு அமைச்சகத்தில் பெரிய பதவியில் இருப்பவர். சட்ட வரைவை எழுதியவரும் அவர்தான். மாணவராக இருந்தபோது எதற்கெடுத்தாலும் குறிப்புப் போடுவார் என்பதால் இவர் வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. சாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்.

மாணவர் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், வரைவு அச்சாகி எல்லார் மேசைக்கும் போயாச்சு. புத்தகத்தோட அடுத்த பதிப்புல திருத்திக்கலாமே. நான் வேணும்னா ஒரு குறிப்பு..."

"அடிக்குறிப்பா? உன் புத்தி உன்னை விட்டுப் போகாதுடா."

"சிரிக்கிற நேரமில்ல மேடம். மருந்து விலக்கு உள்ள வந்ததே உங்க அட்டவணையாலதான். அது தேவையில்லைன்னு ரெண்டு உறுப்பினர்கள் ஆரம்பத்துலேருந்து குதிக்கிறாங்க. விலக்குக் கொடுத்தும் மருந்து வரலைன்னு நீங்களே சொன்னா, அப்புறம் எதுக்கு விலக்குன்னு நாளைக்கே அடிச்சுடுவாங்க. உங்க மனசாட்சி சுத்தமாகும். அங்க ஆஸ்பத்திரியில கிடக்கிறவனுக்கு என்ன ஆகும்?"

மேடம் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் பழைய பேச்சையே பேசிடுங்க. பொய் சொல்லச் சொல்லல. புத்தகத்துல இருக்கிறதைச் சொல்லுங்க."

"வச்சிடு. யோசிக்கணும்," என்றார்.

யோசித்தது நின்றுகொண்டே. கட்டிலுக்கும் மேசைக்கும் நடந்தார். மாணவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் சிக்கல். உண்மையைச் சொன்னால் விலக்குப் போகலாம். சொல்லாவிட்டால், வராத மருந்தை வருகிறது என்று எழுதிவைத்து இன்னொரு நாட்டையும் பூட்டுவார்கள். அதற்கு இவர் பெயர்தான் முத்திரை. சாரை இடது பக்கம் புரட்டி, முதுகில் பவுடர் போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும், யார் தலை போனாலும்.

புரண்ட வாக்கில் சார் கேட்டார். "எது... வந்தது?"

"என்னது?"

"வராதது... சரி. வந்தது... எது?"

மேடம் நடப்பதை நிறுத்தினார். பிறகு அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு கட்டை இழுத்தார். துறைமுகத்தில் இறக்கியதற்கான ரசீதுகளின் நகல். எண்பத்தொன்றில் ரசீது இருந்தது பத்தொன்பதுக்குத்தான். அந்தப் பத்தொன்பதிலும் பணம் போயிருந்தது ஒரே வங்கி வழியாக. அந்த வங்கிக்கு மட்டும், மருந்துப் பணத்தை அனுப்பினால் உன்மேல் வழக்கு வராது என்று தடை போட்ட நாட்டின் அமைச்சகம் எழுத்தில் கொடுத்திருந்தது. மற்ற வங்கிகள் எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிட்டன.

"பணம் போகாம... கப்பல் ஏறாது," என்றார் சார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

"தெரியுது. இப்பத் தெரியுது," என்றார் மேடம். இரவு எட்டரைக்கு இரண்டு இட்லியைச் சாப்பிட வைத்து, படுக்க அனுப்பினேன். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குக் கணினி முன் உட்கார்ந்தார். கோத்து வைத்த நாற்பது பக்கம் ஓரமாகக் கிடந்தது. கையில் ஒரே தாள். திரையில் ஏழு முகங்கள், ஒரு மூலையில் மாணவர். மாணவர் மட்டும் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்பது போல.

"ஏழாம் அட்டவணை தப்பு," என்று ஆரம்பித்தார் மேடம். "தப்பு என்னோடது. புதுப்பிச்ச அனுமதிகளைப் புது அனுமதின்னு எண்ணிட்டேன். வந்ததுக்கு ஆதாரம் நாலுல ஒரு பங்குக்குக்கூட இல்ல."

ஒரு உறுப்பினர் இதற்காகவே காத்திருந்தது போல முன்னால் சாய்ந்தார். "அப்ப விலக்குல பிரயோஜனம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?"

"கதவு வச்சீங்க, சாவி கொடுக்கல. அதனால கதவை எடுத்துட்டுச் சுவர் கட்டலாமான்னு கேக்கிறீங்க. சாவியைக் கொடுங்கன்னு சொல்ல வந்திருக்கேன். ஒரு வங்கியைப் பேர் சொல்லி நியமிக்கணும். அதுக்கு எழுத்துல பாதுகாப்புக் கொடுக்கணும். அப்படிக் கொடுத்த இடத்துல பத்தொன்பது சரக்கு வந்திருக்கு, ரசீது இருக்கு."

"ஒரு அட்டவணை தப்புன்னா, உங்க மத்த கணக்கை எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க. மூல நோட்டுகளை அனுப்புறேன். வேற யாரையாவது வச்சு எண்ணுங்க."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்து விலக்குப் பற்றிய பிரிவை மட்டும் மூன்று வாரம் ஒத்திவைப்பதாகவும், நோட்டுகள் வந்தபின் முடிவு செய்வதாகவும் சொன்னார். விலக்கு நிற்கவும் இல்லை, போகவும் இல்லை. மாணவர் திரையிலிருந்து மறைந்தார்.

மேடம் கணினியை மூடவில்லை. புத்தகத்துக்கு முன் அட்டவணையை முதலில் வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியருக்கு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று பதினொரு வரியில் எழுதினார். காரணத்தை முதல் வரியிலேயே வைத்தார். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் காட்டினார், ஒன்றும் இல்லை. பதினொன்று நாற்பதுக்கு அனுப்பினார். பிறகு கூரியர்காரரைக் கூப்பிட்டு, ஆறு நோட்டுகளையும் அட்டைப்பெட்டியில் போட்டு நாடா ஒட்டி, குழுவின் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.