பூஜையில் உட்கார்ந்த நட்டு

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு காரை, அது ஓடியே ஆக வேண்டிய நாளில், நகர முடியாமல் செய்தவன் நான். யாரும் கேட்கவில்லைதான். என் அக்கா சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

போன மாதம் மலாக்காவில் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கியர் எண்ணெயை அளந்து பார்க்கிறேன் பேர்வழி என்று பெரிய மனிதத் தோரணையில் பானெட்டுக்குள் குனிந்தேன். "அங்கிள், இதுல அளக்குற குச்சியே கெடையாதுலா. எல்லாம் மூடிதான் வருது" என்றார் மெக்கானிக். நிமிரும்போது பக்கத்துக் காரிலிருந்து வடித்த சிவப்பு எண்ணெயின் வாடை வந்தது. லேசாகக் கருகிய, தொண்டையில் ஒட்டுகிற வாடை. உடனே என் கண் கடிகாரத்தைத் தேடியது. ரெண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டுமே என்று மனம் கணக்குப் போட்டது. எங்கும் போக வேண்டியதில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்காவை அடுத்த செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மா பால்மரம் வெட்டினார்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கும் வேலை. நான் மலாக்காவில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் கிளார்க். மூன்றாவது கையாக ஒரு ஆட்டோ கியர் கார் வாங்கியிருந்தேன். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் ஆட்டோ கியர் அது ஒன்றுதான் என்பதால் அதைப்பற்றி நான் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச ஆளில்லை. அந்தத் தைரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அக்கா தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பயிற்சிக் கல்லூரிக்கு இரண்டு முறை நேர்முகத்துக்குப் போய்க் கிடைக்கவில்லை. மூன்றாவது அழைப்பு வந்தது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்; இதுதான் கடைசி. மலாக்காவில், மதியம் இரண்டு மணிக்கு. அன்றைக்கு ஆயுத பூஜை. நமக்குத்தான் பூஜை, ஆபீசுக்கு அது சாதாரண வியாழக்கிழமை.

"நான் பத்து மணி பஸ்சுல போயிடுறேன்" என்றாள் அக்கா.

"சேலையெல்லாம் கசங்கிடும்லா. நான் கொண்டுபோய் விடுறேன், ராணி மாதிரி வா."

லீவு போட்டாயிற்று. காலை முழுக்கச் சும்மா இருப்பானேன்? ஆயுத பூஜையும் அதுவுமாகக் காருக்குப் புது எண்ணெய், புது கூலன்ட் மாற்றினால் என்ன என்று தோன்றியது. பட்டறையில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் நான் பார்த்தது காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கால்களை மட்டும்தான் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீரை இறக்கினேன். கியர் பெட்டியின் அடி நட்டைக் கழற்றி பிஸ்கட் தகரத்தில் எண்ணெயைப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாக வடியட்டும் என்று விட்டுவிட்டு, நட்டையும் ஸ்பேனர்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, அடுப்படி வாசலில் பேப்பர்மேல் காய வைத்தேன். குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பேப்பர் மட்டும் இருந்தது. வீட்டுக்குள் கற்பூர வாசம்.

சாமி மேடையில் அம்மாவின் பால் வெட்டும் கத்தி, அரிவாள், என் ஸ்பேனர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு வெற்றிலைமேல், சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைபோல என் நட்டு. பக்கத்தில் அக்காவின் சர்ட்டிபிகேட் பைல்.

"மா, நட்ட எடுக்கணும்."

"நாளைக்குக் காலைல எடுத்துக்க."

"அக்காவுக்கு ரெண்டு மணிக்கு இண்டர்வியூமா."

"தெரியும். அதுக்குத்தான வேண்டியிருக்கேன். பூஜையில வச்ச கத்திய அன்னிக்கே எடுத்தவன் ரெண்டு வெரல வெட்டிக்கிட்டான். நான் கண்ணால பாத்தவ."

அம்மா கத்தியோடு வாழ்ந்தவர். அவர் பயந்தது விளையாட்டுக்கு அல்ல. மணி பதினொன்றரை. பத்து மணி பஸ் எப்போதோ போயிருந்தது. அடுத்த பஸ் ஒரு மணிக்கு. அது ஊர் ஊராக நின்று போய்ச் சேர்வதற்குள் இரண்டரை ஆகிவிடும்.

சேலை மடிப்பைக் கையில் பிடித்தபடியே அக்கா வந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கார் ஓடுமா, ஓடாதா?"

"நட்டு இருந்தா ஓடும்."

"பைல எடுத்துக்க பாப்பா" என்றார் அம்மா அக்காவிடம். "அது சரஸ்வதியே அனுப்பி வைக்கிறது. இரும்பு வேற."

"பைலு மட்டும் நடந்து போகுமாமா?"

அக்கா மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு கையில் பைலையும் மறு கையில் நட்டையும் எடுத்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொள்ளும்படி எனக்குத் தலையசைத்தாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவன் கையப் பாத்துக்கச் சொல்லு" என்று மட்டும் அக்காவிடம் சொன்னார்.

அதைக் கேட்டபின் என் கை சும்மா இருக்குமா? காருக்கடியில் படுத்தபடி நட்டை இரண்டு முறை கோணலாகத் திருகினேன். ஒவ்வொரு திருகலுக்கும் விரல்களை எண்ணிக்கொண்டேன். எண்ணெயும் கூலன்டும் ஊற்றி முடிக்கப் பன்னிரண்டே முக்கால்.

அவசரத்தில் ரேடியேட்டருக்குள் காற்று நின்றுவிட்டது. தோட்டத்து ரோட்டைத் தாண்டியதுமே சூட்டு முள் ஏறத் தொடங்கியது. எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரை முழுக்கத் திறந்தேன். மலாக்கா வெயிலில் ஹீட்டர்! அக்காவின் முகப் பவுடர் கோடு கோடாக வழிந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பைலை மார்போடு அணைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தாள். நானும் முள்ளைத்தான் பார்த்தேன். ரோட்டை யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

முள் சிவப்பைத் தொட்டபோது ரோட்டோரச் செம்பனை மர நிழலில் நிறுத்தினேன். சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறட்டும் என்று நின்றோம். இருபத்தைந்து நிமிஷம். அக்கா குடிக்க எடுத்து வந்த தண்ணீர் ரேடியேட்டருக்குப் போனது. போய்ச் சேர்ந்தபோது இரண்டே கால். அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். உள்ளே ஓடியவள் யாரிடம் என்ன பேசினாளோ, கடைசி ஆளாக உட்காரவைத்தார்கள். நான் வெளியே, கொதிக்கும் காருக்குப் பக்கத்தில், அதைவிடக் கொதித்துக்கொண்டிருந்தேன். நாலரைக்கு வந்தாள். டிசம்பரில் கடிதம் வந்தது. இடம் கிடைத்திருந்தது.

இப்போது அந்த லயம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அக்கா பாடம் நடத்திய தோட்டப் பள்ளியைப் பட்டணத்துக்கு மாற்றி, பழைய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அம்மா போய்ப் பல வருஷமாகிறது. அந்தக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

அக்கா அண்மையில் பணி ஓய்வு பெற்றாள். விருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நான் கொண்டுபோய் விடலன்னா நீ டீச்சராயிருக்கவே மாட்டலா" என்றேன்.

சோற்றிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்: "உன்ன மீறித்தான்டா ஆனேன்."