முதலாவதா எதைப் போடுறது மிஸ்?

கம்யூனிகேஷன் கடை வச்சிருக்கிறவங்களுக்கு ஊர்ல எல்லார் பேரும் தெரியும், பிறந்த தேதி தெரியும், அடையாள அட்டை நம்பர் கூட மனப்பாடம். அவங்க மனசுல என்ன இருக்குன்னு மட்டும் கடைசி வரைக்கும் தெரியாது.

நான் மாலா. கித்துல்கல பஸ் ஹோல்ட்டுக்கு எதிர்ல பதினாறு வருஷமா கடை நடத்துறேன். போட்டோ கொப்பி, லெமினேட், போன் ரீலோட், அடையாள அட்டைக்குப் படம், எல்லாம் உண்டு. ஏ.எல். பரீட்சை ரிசல்ட் வந்து கெம்பஸுக்கு, அதான் யுனிவர்சிட்டிக்கு, விண்ணப்பிக்கிற மாசம் வந்துட்டா, மத்த வேலையெல்லாம் ஓரமாப் போயிரும். தேயிலை, ரப்பர் தோட்டத்துப் பிள்ளைங்க அம்மா அப்பாவோட வந்து கடையில குந்திருவாங்க. என்னை மாதிரி ஃபோம் நிரப்பிக் குடுக்கிற பாவப்பட்ட ஜென்மங்க வேற யாராவது இதைப் படிச்சீங்கன்னா, உங்களுக்கு நான் ஒண்ணும் விளக்கத் தேவையில்ல. மத்தவங்களுக்குச் சொல்றேன்: எந்த கெம்பஸ், எந்தப் படிப்புன்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாப் போடணும். கம்ப்யூட்டர் மேலருந்து பார்த்துக்கிட்டே வரும். எதுக்கு உங்க மார்க் முதல்ல பத்துதோ அதைக் குடுத்துட்டு நின்னுரும், கீழ என்ன இருக்குன்னு திரும்பிக் கூடப் பார்க்காது. அதனால எல்லாச் சண்டையும் ஒண்ணாம் நம்பருக்குத்தான்.

எனக்கு ஒரு வியாதி. ஒருத்தங்க ஒண்ணாம் நம்பர்ல ஒண்ணைப் போட்டா, ஏன் அதைப் போட்டாங்கன்னு தெரிஞ்சுக்காம எனக்குச் சோறு எறங்காது.

பச்சையா தெரிஞ்சது

ஒரு தடவை நிவித்திகல பக்கம் இருந்து ஒரு பையன் வந்தான். இங்க அவன் மாமா வீடு. நல்ல மார்க். பேர், விலாசம் எல்லாம் மளமளன்னு குடுத்தவன், கெம்பஸ் வரிசை வந்ததும் "கொஞ்சம் இருங்க அக்கா"ன்னுட்டு என் கம்ப்யூட்டர்லயே மேப்பைத் தொறந்தான். ஒவ்வொரு கெம்பஸா மேலருந்து பெரிசாக்கிப் பார்க்கிறான். பின்னால ஆறு பேர் லைன்ல நிக்கிறாங்க.

விஷயம் என்னன்னா, இவன் கிரிக்கெட் பைத்தியம். தேசத்துலயே பேர் பெத்த கெம்பஸ் ஒண்ணு இவன் மார்க்குக்குக் கிடைக்கும். ஆனா அங்க மைதானம் இருக்கிறதா இவனுக்கு நம்பிக்கை வரல. லெக்சர் ஹோல் எங்க, லைப்ரரி எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. அரை மணித்தியாலம் கழிச்சு, மூக்கு ஸ்கிரீன்ல முட்டுற அளவுக்குக் குனிஞ்சு என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "அக்கா, இந்தப் பச்சையா தெரியுறது கிரவுண்டா, வயலா?"

பெரிய இடத்துக்கு மரியாதை

போன தடவைக்கு முந்தின தடவை, தோட்டத்து மேல் டிவிஷன்ல ரப்பர் பால்வெட்டுற செல்வராஜ் அண்ணன், மக பவித்ராவைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கேகாலையில போர்டிங்ல தங்கிக் கணக்குப் படிச்ச பிள்ளை. அந்தத் தோட்டத்துல இன்ஜினியர் ஆகுற அளவுக்கு மார்க் எடுத்த முதல் ஆள் அவதான். கொழும்புப் பெரிய கெம்பஸுக்கே பத்தும். அண்ணன் என்னை டீச்சர்னே முடிவு பண்ணிட்டாரு போல, வாயைத் தொறந்தா மிஸ்தான். வெத்தலையைத் துப்பிட்டு, வேட்டியை இறக்கி விட்டு, கோயிலுக்குள்ள வர்ற மாதிரிதான் கடைக்குள்ள வந்தாரு.

பவித்ரா மெதுவா சொன்னா: "முதலாவது நில அளவை, அந்த மலைப்பக்கத்துக் கெம்பஸ். ரெண்டாவது கொழும்பு இன்ஜினியரிங்." எனக்குக் கை அப்படியே நின்னுருச்சு. நில அளவை நல்ல படிப்புதான், யார் இல்லைன்னா? ஆனா கொழும்பு இன்ஜினியரிங் கையில இருக்கிற பிள்ளை அதை ரெண்டாவதா போட்டு இந்தப் பதினாறு வருஷத்துல நான் பார்த்ததில்ல. அண்ணன் வரிசையை ஒரு தடவை விரல்ல எண்ணிப் பார்த்தாரு. அவர் மகளைத் திட்டல. என் பக்கம்தான் குனிஞ்சாரு. கோயில் திருவிழா நோட்டீஸ்ல தலைவர் பேரை ரெண்டாவதா அடிச்சு, அதுல வந்த சண்டையைப் பார்த்தவரு போல. ரொம்ப அடக்கமாக் கேட்டாரு: "பெரிய இடத்தை ரெண்டாவதா போட்டா, அவங்க மனசுல ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டாங்களா மிஸ்?"

ஈரத்தோட வந்தவ

அன்னைக்கு அண்ணன் விடாமச் சொன்னதுல கொழும்பையே முதலாவதா போட்டு, அனுப்பாம சேவ் பண்ணி வச்சோம். கடைசித் தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. பாஸ்வேர்டை எல்லாரும் மறந்துருவாங்கன்னு நானே ஒரு கொப்பியில எழுதி வச்சுக்குவேன். அதுதான் வெனையாப் போச்சு.

நாலாம் நாள் பவித்ரா தனியா வந்தா. தலையிலருந்து தண்ணி சொட்டுது, கால்ல மணல். ரெண்டு வருஷமா லீவு நாள்ல ஆத்துல தோணிக்காரங்களோட போறான்னு எனக்குத் தெரியும். வெள்ளைக்காரங்க எட்டுப் பேர் ஏறுற ரப்பர் தோணிக்கு முன்னால, ஒரு ஆள் மட்டும் உக்கார்ற சின்னக் கயாக்ல போவா. தோணியிலருந்து யாராவது விழுந்தா பிடிச்சு இழுக்கிறது அவ வேலை. தோட்டத்து லயத்து வீடுகள்ல கேக்கவா வேணும்? "கறுத்துப் போயிருவா, யார் கட்டுவா?"ன்னு ஒரு கூட்டமே பேசுச்சு. "மாலாக்கா, வரிசையை மாத்துங்க. நில அளவை முதலாவது. அப்பாகிட்ட சொல்லிராதீங்க"ன்னா. ஏன்டீன்னேன். அந்தக் கெம்பஸுக்குப் பக்கத்துலயே ஆறு ஓடுதாம், காலையில ஒரு மணித்தியாலம் துடுப்புப் போட்டுட்டு வகுப்புக்குப் போகலாமாம், கொழும்புல இருக்கிறது நீச்சல் குளம்தானாம். அது சரி, அப்படி அந்த ஆத்துல என்னதான் இருக்குன்னு விடாமக் கேட்டேன். ஈரத் தலைமுடியைப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா: "தண்ணியில இறங்கிட்டா, அடுத்து என்ன பண்ணப் போறன்னு யாரும் என்கிட்ட கேக்க மாட்டாங்கக்கா."

நானே பொறுப்பு

மாத்திக் குடுத்துட்டேன். அவ ஃபோம், அவ உரிமை. ஆனா எனக்கு ராத்தூக்கம் போச்சு. ஒரு பிள்ளை கொழும்பு இன்ஜினியரிங்கை ரெண்டாவதா தள்ளுற அளவுக்கு அந்தத் தண்ணியில என்னதான் வச்சிருக்கு? ஆத்தோரத்துல பொறந்து வளர்ந்தவ நான், ஒரு நாளும் தோணியில கால் வச்சதில்ல. எங்க ஆளுங்க யாருமே வைக்க மாட்டாங்க. அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கும் கொழும்புக்காரங்களுக்கும்னு விட்டுட்டோம்.

ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டுப் போனேன். "எனக்கு ஏதாவது ஆனா நானே பொறுப்பு"ன்னு ஒரு ஃபோம் நீட்டினாங்க. ஆயிரக்கணக்குல நானே கொப்பி அடிச்சுக் குடுத்த ஃபோம். அதுல என் பேரை எழுதும்போதுதான் முதல் தடவையா வாசிச்சேன். அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன். பாறை வந்துச்சு, தோணி எந்திரிச்சுச்சு, நான் கதிரேசா முருகான்னு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். முன்னால பவித்ரா அந்தச் சின்னக் கயாக்ல நுரைக்குள்ள போறதை மட்டும் ஒரு தடவை பார்த்தேன். ஃபோம் நிரப்ப வந்த அந்த அமைதியான பிள்ளையா இதுன்னு இருந்துச்சு. தோள் ரெண்டும் வேற ஆளோடது. அதுக்கு மேல நான் எதையும் பார்க்கல. எங்க தோணியை ஓட்டின நிமல் தம்பி, சிங்களமும் தமிழும் கலந்து பேசுறவன், கடைசியில என் தோளைத் தட்டினான்: "ஹரி அக்கே, இவரய். எல்லாம் முடிஞ்சிச்சு, இப்ப கண்ணைத் தொறங்க."

மழை பெஞ்ச திங்கக்கிழமை

அடுத்த நாள் விடியக்காலமே அடை மழை. மழை பெஞ்சா மரத்துல பால் வெட்ட முடியாது, அதனால செல்வராஜ் அண்ணனுக்கு வேலை இல்ல. குடையை வாசல்ல சாய்ச்சு வச்சுட்டு, தனியா உள்ள வந்தாரு. ஐயோ, மக மாத்தினது தெரிஞ்சிருச்சுன்னு நெனைச்சுட்டேன். மனுசன் கதிரையில உக்காந்து, அங்க இங்க பார்த்துட்டுச் சொல்றாரு: "மிஸ், அந்த மலைப்பக்கத்துக் கெம்பஸையே முதலாவதா போட்டுருங்க. பிள்ளைகிட்ட சொல்ல வேணாம். அவளா போட்டதா இருக்கட்டும்."

அது ஏற்கெனவே முதலாவதாத்தான் இருக்கு! மகளுக்குக் குடுத்த வாக்கு ஒரு பக்கம். சும்மா மௌஸைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிட்டு, "மாத்தியாச்சு அண்ணன்"னு சொன்னேன். சொல்லிட்டு, வியாதி விடுமா, ஏன்னு கேட்டேன். மக லீவுல வீட்டுல இருக்கிற மழை நாள் எல்லாம் அவர் எங்க போறாருன்னு அப்பதான் தெரிஞ்சது. தொங்கு பாலத்துல குடையோட நின்னு, மக கீழ கயாக்ல போறதைப் பார்த்துட்டு வருவாராம். ரெண்டு வருஷமா. அவளுக்குத் தெரியாதாம், தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு ஒழுங்கா ஓட்ட மாட்டாளாம். அந்த மலைக் கெம்பஸ் பக்கத்துலயும் ஆறு ஓடுதுன்னு இப்பதான் யாரோ சொன்னாங்களாம். "அப்ப எதுக்கு அண்ணன் முதல்ல கொழும்புன்னு பிடிவாதம் பிடிச்சீங்க?"ன்னு எனக்குக் கோவமே வந்துருச்சு. குடையை எடுத்துக்கிட்டே சொன்னாரு: "எனக்குப் பார்க்க ஆசையா இருக்குங்கறதுக்காக அவ படிப்பைக் கெடுத்துறக் கூடாதேன்னுதான் மிஸ்."

காஞ்ச தலையோட வந்தவ

கடைசித் தேதிக்கு முதல் நாள், பகல் பன்னெண்டு மணி. மழை விட்டு ஒரு வாரம் ஆச்சு, நல்ல வெயில். பவித்ரா வந்தா. தலை காஞ்சு கெடக்கு. இன்னைக்கு ஆத்துக்குப் போகலையான்னேன். "போனேன்க்கா, தண்ணி வரல"ன்னா. வெயில் காலத்துல எங்க ஆத்துத் தண்ணி மேல இருக்கிற மின் நிலையத்துல தொறந்து விட்டாத்தான் வரும். விடுற வரைக்கும் வெள்ளைக்காரங்க, தோணிக்காரங்க எல்லாரும் பாறையில குந்திக்கிட்டு இருக்கணும். இவளும் காலையிலருந்து குந்தியிருக்கா. சும்மா இருக்க முடியாம நிமல்கிட்ட கேட்டிருக்கா, தண்ணியை எப்ப விடணும்னு யாரு முடிவு பண்றதுன்னு. அவன் சாதாரணமாச் சொல்லியிருக்கான்: "வேற யாரு, இன்ஜினியர் ஐயாதான்."

"கொழும்பை முதலாவதா போடுங்கக்கா"ன்னா பவித்ரா. அப்பாவுக்காகப் போடுறியாடின்னு அதட்டினேன். இல்லவே இல்லைன்னு சிரிச்சா. "ரெண்டு வருஷமா பாறையில உக்காந்து தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருந்தேன். அது ஒரு ஆள் முடிவு பண்றதுன்னு எனக்கு இத்தனை நாளும் தோணவே இல்ல. ஆறுன்னா அதுவா வரும், அதுவா நிக்கும்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். அந்த வேலைக்கு நான் படிச்சா என்ன?" மூணு தடவை கேட்டேன், அனுப்பிட்டா மாத்த முடியாதுன்னு. மூணு தடவையும் தலையாட்டினா. பட்டனை அவளையே அமுக்கச் சொன்னேன். அமுக்கிட்டா.

பிரிண்ட் வந்துக்கிட்டு இருக்கும்போதே, அதைப் பதிவுத் தபால்லயும் அனுப்பணும்னு கவரோட அண்ணன் வந்து சேர்ந்தாரு. இங்கிலீஷ் தெரியாது, முதலாவதா என்ன இருக்குன்னு வாசிக்கச் சொன்னாரு. வாசிச்சேன். "கொழும்பா?"ன்னு என்னைத்தான் பார்த்தாரு, நான் துரோகம் பண்ணிட்ட மாதிரி. "இன்ஜினியர்னு தோட்டம் முழுக்கச் சொல்லிட்டு, போன வாரம் பூரா இல்ல இல்லன்னு சொல்லித் திரிஞ்சேன். இப்ப மறுபடி எப்படிச் சொல்றது?"ன்னு தலையில கை வச்சுக்கிட்டாரு. பவித்ராவுக்கு ஒண்ணும் புரியல. ஏன் இல்லைன்னு சொன்னீங்கன்னு கேட்டா. அதுக்கு மேல என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல, பாலம், குடை, மழை எல்லாத்தையும் கொட்டிட்டேன். அந்தப் பிள்ளை அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கே, நான் போய் மெஷின்ல பேப்பர் இருக்கான்னு பார்க்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன், என் கண்ணுலயும் தண்ணி. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அப்பா, கையாவது காட்டியிருப்பேன்"னா. அண்ணன் கவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கிட்டே இருந்தாரு. முடிவை மாத்துன்னு ஒரு வார்த்தை சொல்லல. பசையை எடுத்து அவரே ஒட்டினாரு. ஒட்டிட்டு, மகளைப் பார்க்காமலே கேட்டாரு: "நீ நல்லாப் படி. ஆனா மழை பெஞ்சா நான் எங்கம்மா போறது?"

பவித்ரா இப்ப கொழும்புல ரெண்டாவது வருஷம். மழை பெஞ்சா செல்வராஜ் அண்ணன் என் கடைக்கு வந்து, ஃபோம் நிரப்ப வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் எதை முதலாவதா போடணும்னு யோசனை சொல்றாரு, இன்னைய வரைக்கும் ஒரு பிள்ளையும் அவர் சொன்னதைக் கேட்டதில்ல.